கல்லுக்குக் காது கொடுத்தவர்

உத்திரமேரூருக்குப் போயிருக்கிறீர்களா?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெரிய ஏரி. ஏரிப் பாய்ச்சலில் நெல் வயல்கள். ஊருக்குள் வைகுண்டப் பெருமாள் கோயில். அந்தக் கோயிலின் கற்சுவரில் எங்கு பார்த்தாலும் எழுத்து! பராந்தக சோழன் காலத்தில், 1,100 வருஷங்களுக்கு முன்பு, உளியால் வெட்டிய எழுத்து. ஊர்ச் சபைக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது, யார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடலாம், யார் பெயரைப் போடக் கூடாது என்பதை எல்லாம் அந்தக் கல் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால், படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது சொல்லும். படிக்கத் தெரியாதவருக்கு அது வெறும் சுவர்.

ரேடியோ அலையும் அப்படித்தான்!

முன்பெல்லாம் கிராமத்துக்குக் கிராமம் பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. பெரியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். சாயங்காலம் ஆனதும் பூட்டிய அறையைத் திறந்து ரேடியோவைப் போடுவார்கள். வெளியே கட்டியிருக்கும் ஒலிபெருக்கி பேசத் தொடங்கும். வயலிலிருந்து வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு திண்ணையில் வந்து உட்காருவார்கள். செய்தி கேட்பார்கள். உரம் போடும் விதம் கேட்பார்கள். பாட்டுக் கேட்பார்கள்.

சென்னையில் ஒருவர் பேசுகிறார். உத்திரமேரூர்ப் பக்கத்தில் கேட்கிறது. அவர் குரலா அவ்வளவு தூரம் பறந்து வந்தது? இல்லை. எவ்வளவு உரக்கக் கத்தினாலும் குரல் நான்கு தெருவைத் தாண்டாது. வந்தது மின்சார அலை. கல்லில் எழுத்தை வெட்டியது போல, அந்த அலையில் குரலை எழுதி அனுப்புகிறார்கள். அதைப் படித்துச் சொல்ல ரேடியோப் பெட்டிக்குள் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. அது இல்லாவிட்டால் அலை வந்தும் பயன் இல்லை. பெட்டி ஊமை!

அப்படிப்பட்ட உறுப்பு ஒன்றை ஒரு துண்டுக் கல்லை வைத்துச் செய்து காட்டினார், நம் நாட்டுக்காரர் ஒருவர். வெள்ளைக்காரர் ஆட்சியில், நல்ல ஆராய்ச்சிக்கூடம்கூட இல்லாமல் செய்து காட்டினார்.

அவர்தான் ஜகதீச சந்திர போஸ்.

கொள்ளைக்காரன் தூக்கி வளர்த்த பிள்ளை

போஸ் பிறந்தது 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி. கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அந்தப் பகுதி இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது.

தகப்பனார் பகவான் சந்திர போஸ் சர்க்கார் அதிகாரி. கொள்ளைக்காரர்களைப் பிடித்துத் தண்டிக்கும் மாஜிஸ்திரேட்டு. அவர் ஒரு கொள்ளைக்காரனுக்குத் தண்டனை கொடுத்தார். அவன் தண்டனை முடிந்து வெளியே வந்தான். பிழைக்க வழி இல்லை என்று அவரிடமே வந்து நின்றான். அவர் என்ன செய்தார் தெரியுமா? தம் வீட்டிலேயே வேலை கொடுத்தார்! சின்னப் பையன் ஜகதீசனைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் வேலை அவனுக்கு. போகிற வழியில் தன் பழைய சாகசங்களைக் கதை கதையாகச் சொல்லுவான். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான்.

அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளை என்றால் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். பகவான் சந்திரர் அப்படிச் செய்யவில்லை. மகனை வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். முதலில் தாய்மொழி தெரிய வேண்டும், ஊர் மக்களைத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பையனுக்கு ஒரு பக்கத்தில் உட்கார்ந்தது வீட்டு வேலைக்காரரான முஸ்லிம் ஒருவரின் மகன். மற்றொரு பக்கத்தில் ஒரு மீனவரின் மகன். மீனையும் பறவையையும் செடியையும் பற்றி அந்தப் பிள்ளைகள் சொன்ன கதைகள்தான் தம்மை இயற்கையின் பக்கம் திருப்பின என்று போஸ் வயதான பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கல்கத்தாவுக்கு வந்தார். செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்தார். லாஃபோன்ட் என்ற பாதிரியார் அங்கே பௌதிக ஆசிரியர். சோதனை செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் கெட்டிக்காரர். போஸுக்கு விஞ்ஞானத்தில் பித்துப் பிடித்தது அவரால்தான்.

1880-ல் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போனார். டாக்டருக்குப் படிப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் ஊரிலேயே பிடித்த காய்ச்சல் அவரை விடவில்லை. அதனால் வைத்தியப் படிப்பை விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போய் விஞ்ஞானம் படித்தார். லார்டு ராலே என்ற பெரிய மேதை அவருக்கு ஆசிரியராக இருந்தார். 1884-ல் பட்டம் கிடைத்தது.

மூன்று வருஷம் சம்பளம் இல்லை!

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் போஸுக்குப் பேராசிரியர் வேலை கிடைத்தது. பௌதிகம் கற்பிக்க வேண்டும்.

அங்கே ஓர் அநியாயம் இருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியர் 3 ரூபாய் வாங்கினால், அதே வேலைக்கு இந்தியருக்கு 2 ரூபாய்தான். போஸின் வேலை தற்காலிக வேலை என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். ஆக, மூன்றில் ஒரு பங்கு!

போஸ் சண்டை போடவில்லை. வேலையை உதறிவிட்டும் போகவில்லை. தினமும் கல்லூரிக்குப் போனார். ஒரு வகுப்புக்கூடத் தவறாமல் பாடம் நடத்தினார். ஆனால் சம்பளத்தைத் தொடவில்லை. ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம்!

வீட்டில் வசதி இருந்து இப்படிச் செய்தார் என்று நினைக்காதீர்கள். தகப்பனார் ஊருக்கு நல்லது செய்யப் போய்ப் பல தொழில்களில் பணத்தைப் போட்டு நஷ்டப்பட்டிருந்தார். கழுத்து வரைக்கும் கடன். இந்த நிலையில் 1887-ல் போஸுக்குக் கல்யாணமும் ஆயிற்று.

மணமகள் அபலா தாஸ். அவருக்கும் நம் சென்னைக்கும் சம்பந்தம் உண்டு. டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். சென்னையில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் 1882-ல் சர்க்கார் உபகாரச் சம்பளம் பெற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து படித்தார். உடல் நலம் கெட்டதால் படிப்பை முடிக்க முடியவில்லை. முடித்திருந்தால் ஒரு நல்ல டாக்டர் கிடைத்திருப்பார். சம்பளம் வாங்காத கணவரோடு குடித்தனம் நடத்திக் காட்டிய கெட்டிக்காரப் பெண்மணி அவர்!

கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. போஸின் வேலையை நிரந்தரம் ஆக்கியது. மூன்று வருஷச் சம்பளத்தையும் முழு விகிதத்தில் மொத்தமாகக் கொடுத்தது. அந்தப் பணம் தகப்பனாரின் கடனுக்குப் போயிற்று.

அரிசி அளவு அலை

1894-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி. போஸுக்கு அன்று 36 வயது நிரம்பியது. இனிமேல் ஆராய்ச்சியில் இறங்குவது என்று பிறந்த நாள் அன்று முடிவு செய்தார்.

எதை ஆராய்வது? அப்போது உலகத்தில் ஒரு புதிய அதிசயம் தெரிந்திருந்தது. மின்பொறி தெறித்தால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அலை கிளம்புகிறது என்று ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானி நிரூபித்திருந்தார். குளத்தில் கல் எறிந்தால் வட்ட வட்டமாக அலை பரவுகிறது அல்லவா? அதைப் போல. ஆனால் இது வெளிச்சத்தின் வேகத்தில் போகும். ஹெர்ட்ஸ் பாவம், 37 வயது முடிவதற்குள் அந்த 1894-ம் வருஷத்தின் முதல் நாளிலேயே இறந்துபோனார்.

ஹெர்ட்ஸ் கையாண்ட அலைகள் நீளமானவை. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே முழக்கணக்கில் தூரம். அவற்றை வைத்துச் சோதனை செய்யப் பெரிய கூடம் வேண்டும். போஸிடம் கூடம் ஏது? கல்லூரியில் குளியல் அறையை ஒட்டி 24 சதுர அடியில் ஓர் அறைதான் கிடைத்தது. இரண்டு பாய் விரித்தால் இடம் முடிந்தது!

போஸ் யோசித்தார். அறையைப் பெரிதாக்க முடியாது. அலையைச் சின்னதாக்கலாம் அல்லவா? அலையைக் குறுக்கினார். 5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓர் அரிசி அளவு! அதற்கு வேண்டிய கருவிகள் கடையில் கிடைக்கா. பக்கத்தில் இருந்த ஒரு தகரக் கொல்லரை அழைத்துச் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். செலவு சொந்தப் பணம். ஒரு சோதனைக்குப் பழைய ரயில் கால அட்டவணைப் புத்தகத்தை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் ஈயத்தாள் வைத்து, அதையே கருவியாக்கிவிட்டார். புத்தகத்தை நேராகப் பிடித்தால் அலை போகும். திருப்பிப் பிடித்தால் நின்றுவிடும்!

1895-ல் கல்கத்தா டவுன்ஹாலில் ஒரு வேடிக்கை நடந்தது. கூட்டம் நிறைந்திருந்தது. வங்காளத்து லெப்டினன்ட் கவர்னரும் வந்திருந்தார். போஸ் ஒரு பக்கத்தில் பொறியைத் தட்டினார். 75 அடி தள்ளி, சுவருக்கு அப்பால் இருந்த அறையில் மணி அடித்தது! துப்பாக்கி வெடித்தது! நடுவில் கம்பி இல்லை, கயிறு இல்லை. குறுக்கே இருந்த கவர்னரின் உடம்பையும் துளைத்துக்கொண்டு அலை போயிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் லண்டன் பல்கலைக்கழகம் போஸுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் போஸ் தம் கருவிகளை வைத்துக்கொண்டு பேசினார். அதற்கு முந்திய வருஷமே லிவர்பூல் கூட்டத்தில் அவற்றைப் பார்த்த லார்டு கெல்வின் என்ற கிழ மேதைக்கு உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது. கால் ஊனத்தோடு மாடிப்படி ஏறிப்போய், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த அபலா அம்மையாரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார்!

கல்லுக்குக் காது

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது.

அலையை உண்டாக்கி விட்டால் போதுமா? அது வந்ததை அறிய ஒரு காது வேண்டும். அந்த நாளில் இருந்த காது என்ன? ஒரு கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூளை அடைத்து வைத்திருப்பார்கள். அலை வந்தால் தூள் ஒட்டிக்கொள்ளும். அப்போது அதன் வழியே மின்சாரம் ஓடும். மணி அடிக்கும். ஆனால் ஒட்டிய தூள் தானாகப் பிரியாது. யாராவது குழாயைத் தட்டிவிட வேண்டும். நம் கல்கத்தாவில் இன்னொரு தொல்லை. மழைக்காலத்து ஈரத்தில் தூள் துருப்பிடித்துப் போகும்!

அது மட்டும் அல்ல. அந்தக் குழாய் சொல்வது ஒரே விஷயம்தான். அலை வந்தது, அல்லது வரவில்லை. பலமாக வந்ததா, மெல்ல வந்ததா என்று சொல்லத் தெரியாது. கட்டு-கடா என்று தந்தி அடிக்க அது போதும். மனிதக் குரலுக்குப் போதாது.

போஸ் ஒவ்வொரு பொருளாக எடுத்துச் சோதித்தார். இரும்புக்கும் பாதரசத்துக்கும் நடுவே ஒரு காதைச் செய்தார். தட்டிவிட வேண்டிய அவசியமே இல்லாத காது! 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிய கட்டுரை வெளியாயிற்று. எப்படிச் செய்வது என்று ஒளிக்காமல் எழுதிவிட்டார். யார் வேண்டுமானாலும் படித்துச் செய்துகொள்ளலாம்.

பிறகு ஒரு கல்லை எடுத்தார். கலீனா என்று அதற்குப் பெயர். ஈயமும் கந்தகமும் சேர்ந்த, வெள்ளி போல மினுக்கும் கறுப்புக் கல். கண்ணுக்கு இடுகிற சுர்மாப் பொடிகள் பலவற்றில் இருப்பது இந்தக் கல்தான். இதன் மேல் ஓர் உலோக முனை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்தார். அலை பட்டதும் கல்லில் மின்சாரம் மாறியது. அலை நின்றதும் பழைய நிலைக்கு வந்தது. வெளிச்சம் பட்டாலும் இந்தக் கல்லுக்குத் தெரிந்தது. அதனால் இதைச் செயற்கைக் கண் என்று போஸ் நினைத்தார். தேஜோமீட்டர் என்று பெயர் வைத்தார். தேஜஸ் என்றால் ஒளி அல்லவா?

இந்தக் கல்லுக்குக் குரலைப் படிக்க எப்படித் தெரிகிறது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சென்னை வானொலியை மீடியம் வேவில் 720 என்ற எண்ணில் பிடித்தவர்கள் பலர் இருப்பீர்கள். 720 என்றால் அந்த அலை ஒரு வினாடிக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் தடவை முன்னும் பின்னும் ஆடுகிறது என்று அர்த்தம். நம் குரலின் ஆட்டமோ வினாடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் தடவைதான். வேகமான அந்த அலை வண்டி. குரல் அதில் ஏற்றிய மூட்டை. எப்படி ஏற்றுகிறார்கள்? பேசுகிறவரின் குரல் ஏறும்போது அலையின் பலத்தை ஏற்றுகிறார்கள். குரல் இறங்கும்போது பலத்தை இறக்குகிறார்கள். அவ்வளவுதான். இதைத்தான் ஏ.எம். என்கிறோம்.

இந்த அலையை அப்படியே காதுக் கருவிக்குக் கொடுத்தால் என்ன கேட்கும்? ஒன்றும் கேட்காது!

ஏன்? ஒரு கதவை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒருவன், வெளியே ஒருவன். இரண்டு பேரும் மாறி மாறித் தள்ளுகிறார்கள். சம பலம். கண் இமைக்கும் நேரத்தில் லட்சம் தடவை தள்ளுகிறார்கள். கதவு நகருமா? நகராது. இரண்டு பேரும் மெல்லத் தள்ளினாலும் நகராது, பலமாகத் தள்ளினாலும் நகராது. ஒருவன் முன்னே தள்ளியதை மற்றவன் பின்னே தள்ளிவிடுகிறான்.

இப்போது வெளியே இருப்பவனை அப்புறப்படுத்திவிடுங்கள். உள்ளே இருப்பவன் மட்டும் தள்ளுகிறான். அவன் மெல்லத் தள்ளினால் கதவு கொஞ்சம் திறக்கும். பலமாகத் தள்ளினால் நிறையத் திறக்கும். அவன் பலம் ஏறி இறங்குவது கதவின் அசைவில் அப்படியே தெரியும்.

அந்தக் கதவுதான் ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய தகடு. இரண்டு பேரில் ஒருவனை அப்புறப்படுத்துகிறது கல்!

கலீனாவும் முனையும் தொடும் இடத்தில் மின்சாரம் ஒரு பக்கமாகத் தாராளமாக ஓடும். மறு பக்கமாக ஓட விடாது. சைக்கிள் டியூபில் வால்வு இருக்கிறதே, காற்று உள்ளே போகும், வெளியே வராது, அதைப் போல. ஆகவே அலையின் ஒரு பாதி போகிறது, மறு பாதி நின்றுவிடுகிறது. மிஞ்சிய பாதியின் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி தகடு அசைகிறது. தகடு அசைந்தால் சத்தம். அந்தச் சத்தம்தான் சென்னையில் பேசியவரின் குரல்!

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மாதிரிக் கற்களில் மின்சாரம் ஒரு பக்கம் அதிகம் ஓடும் என்பதை 1874-லேயே ஜெர்மனியில் பிரௌன் என்பவர் கண்டிருந்தார். ஆனால் அதை அலையைப் பிடிக்கப் பயன்படுத்தலாம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. அதைச் செய்தவர் போஸ். அவர் செய்த நாளில் குரலை அலையில் ஏற்றி அனுப்பும் வித்தை இன்னும் தவழும் பருவத்தில் இருந்தது. அதனால் போஸின் கல் கேட்டது அலையைத்தான், பாட்டை அல்ல. காதைச் செய்துவிட்டார். பாட்டுப் பிறகு வந்து சேர்ந்தது.

பணத்தோடு வந்த முதலாளி

1901-ல் போஸ் மறுபடியும் லண்டனில் இருந்தார். ஒரு பெரிய தந்திக் கம்பெனியின் முதலாளி அவரைத் தேடி வந்தார். கோடீசுவரர். கையில் உரிமப் பத்திரம் தயாராக இருந்தது. கண்டுபிடிப்பை வெளியே சொல்ல வேண்டாம், பதிவு செய்துகொள்ளலாம், பணம் தாம் போடுவதாகவும் லாபத்தில் பாதி போஸுக்கு என்றும் சொன்னார். போஸ் மறுத்துவிட்டார். அவ்வளவு பணம் உள்ளவர் இன்னும் பணத்துக்கு இப்படிப் பறக்கிறாரே என்று வியந்து தம் நண்பர் ரவீந்திரநாத தாகூருக்குக் கடிதம் எழுதினார். அறிவை விற்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

சிநேகிதர்கள் விடவில்லை. சகோதரி நிவேதிதை வற்புறுத்தினார். சாரா புல் என்ற அமெரிக்கப் பெண்மணியும் வற்புறுத்தினார். அவர்கள் முயற்சியால் கலீனாக் கருவிக்கு அமெரிக்காவில் 1901 செப்டம்பர் 30-ந் தேதி மனுப் போடப்பட்டது. 1904 மார்ச் 29-ந் தேதி உரிமம் வந்தது. படிகத்தைக் கொண்டு அலையை அறியும் கருவிக்கு உலகத்தில் கொடுக்கப்பட்ட முதல் உரிமம் இது என்கிறார்கள். போஸ் அதைக் கொண்டு ஒரு காசுகூடச் சம்பாதிக்கவில்லை. காலம் முடிந்ததும் அது தானாகக் காலாவதி ஆயிற்று.

இதற்கு நடுவே 1901 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் செய்தி வாங்கிவிட்டார். உலகமே அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அன்று அவர் காதில் வைத்திருந்த பாதரசக் கருவி 1899-ல் போஸ் எழுதிய கருவியின் வழியில் வந்தது என்று 1998-ல் ஆராய்ச்சியாளர் ஒருவர் விரிவாக எடுத்துக் காட்டினார். 1909-ல் மார்க்கோனிக்கும் பிரௌனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. போஸுக்கு இல்லை.

மார்க்கோனியைக் குறை சொல்ல வேண்டியது இல்லை. கடலைத் தாண்டிச் செய்தி அனுப்பும் துணிச்சலும் உழைப்பும் அவருடையவை. ஆனால் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் போஸின் பெயருக்கும் ஒரு வரி இடம் இருக்கலாம்.

எஃப்.எம். வந்த கதை

ஏ.எம். ரேடியோவில் ஒரு குறை உண்டு. இடி மின்னல் வந்தால் கரகர என்று இரையும். காரணம் சுலபம். மின்னலும் ஒரு மின்பொறிதான். அதிலிருந்தும் அலை கிளம்புகிறது. அது வந்து சேர்ந்து, ரேடியோ அலையின் பலத்தைக் கெடுத்துவிடுகிறது. குரலோ பலத்தில்தான் எழுதியிருக்கிறது! எழுத்தின் மேல் மை கொட்டியது போல ஆகிறது.

அமெரிக்காவில் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இஞ்சினீயர் வேறு வழி யோசித்தார். பலத்தில் எழுதினால்தானே கெடுகிறது? பலத்தை மாற்றாமல், ஆட்டத்தின் எண்ணிக்கையை மாற்றினால் என்ன? குரல் ஏறினால் அலை கொஞ்சம் வேகமாக ஆட வேண்டும். குரல் இறங்கினால் கொஞ்சம் நிதானமாக ஆட வேண்டும். சென்னையின் 101.4 எஃப்.எம். அலை வினாடிக்கு 10 கோடியே 14 லட்சம் தடவை ஆடுகிறது. குரலுக்குத் தக்கபடி அந்த எண்ணிக்கை அதிகம் போனால் 75 ஆயிரம் கூடும், 75 ஆயிரம் குறையும்.

இதைப் படிப்பது எப்படி? முதலில், அலையின் தலையை ஒரே மட்டமாக வெட்டிவிடுகிறார்கள். மின்னல் கொண்டுவந்த மேடு பள்ளம் அதோடு போயிற்று. பிறகு ஊஞ்சல் வேலை. ஊஞ்சலுக்குச் சொந்தமாக ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்குச் சரியாகத் தள்ளினால் உயரப் போகும். வேகம் தவறித் தள்ளினால் அவ்வளவு போகாது. ரேடியோவில் கம்பிச் சுருளும் கண்டென்சரும் சேர்ந்தது ஒரு ஊஞ்சல். அலை அதன் வேகத்தை நெருங்கினால் அது பலமாக ஆடும். விலகினால் மெல்ல ஆடும். ஆக, எண்ணிக்கையின் மாறுதல் பலத்தின் மாறுதலாக ஆகிவிட்டது! பலத்தின் மாறுதலைப் படிக்கத்தான் நமக்கு முன்பே தெரியுமே. மறுபடியும் அந்த ஒருபக்கக் கதவு! பழைய எஃப்.எம். பெட்டிகளில் இதற்கு இரண்டு கதவுகளை வைத்தார்கள். இன்றைய கைபேசிக்குள் இருக்கும் சில்லு, எண்ணிக் கணக்குப் போட்டே குரலைப் பிரித்துவிடுகிறது.

ஆர்ம்ஸ்ட்ராங் 1933-ல் உரிமம் வாங்கினார். பெரிய கம்பெனிகளோடு வருஷக்கணக்கில் வழக்காடினார். பணம் போயிற்று, நிம்மதி போயிற்று. 1954 ஜனவரி 31-ந் தேதி இரவு மனம் உடைந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அவர் மனைவி விடாமல் வழக்கை நடத்தினார். கடைசி வழக்கில் 1967-ல் வெற்றி கிடைத்தது.

உரிமமே வேண்டாம் என்றவர் போஸ். உரிமத்துக்காகவே போராடி மாண்டவர் ஆர்ம்ஸ்ட்ராங். இரண்டு பேர் செய்ததும் ஒரே பெட்டிக்குள் இருக்கிறது.

செடியின் துடிப்பு

போஸின் மனம் 1901-க்குப் பிறகு வேறு திசையில் போயிற்று. உலோகத்தையும் கல்லையும் அடிக்கடி தூண்டினால் அவை களைத்துப்போவது போல நடந்துகொள்வதை அவர் பார்த்தார். செடி எப்படி என்று பார்க்கத் தொடங்கினார். தொட்டாற்சிணுங்கியைக் கையில் எடுத்தார். செடி வளர்வதைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். சிலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் எதிர்த்தார்கள். இன்று நம் நாட்டில் பலருக்கு அவர் செடிக்கு உயிர் உண்டு என்று காட்டியவராகத்தான் தெரியும். ரேடியோ வேலை மறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம்.

1917-ல் சர் பட்டம் கிடைத்தது. அந்த வருஷம் நவம்பர் 30-ந் தேதி, தம் 59-வது பிறந்த நாள் அன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். குளியல் அறைக்குப் பக்கத்து அறையில் தொடங்கியவர், தாம் மிச்சம் பிடித்த பணத்தையும் போட்டுக் கட்டிய கட்டடம் அது. அங்கே கண்டுபிடிப்பதற்கு யாரும் உரிமம் வாங்கக் கூடாது, அது எல்லாருக்கும் சொந்தம் என்பது அவர் வகுத்த விதி. 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கியது.

மின்சாரம் வேண்டாத ரேடியோ

இதற்குள் கல் உலகம் எங்கும் பரவிவிட்டது. கலீனாத் துண்டு, அதைத் தொட ஒரு மெல்லிய கம்பி, ஒரு கம்பிச் சுருள், மரத்துக்கு மரம் கட்டிய ஏரியல், காதில் ஒரு ஹெட்போன். இவ்வளவுதான் ரேடியோ! கம்பி பூனை மீசை மாதிரி இருந்ததால் பூனை மீசை என்றே வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். மின்சாரம் வேண்டாம், பாட்டரி வேண்டாம். அலையின் பலத்திலேயே பேசும். ஒரு தொல்லை உண்டு. கல்லின் எல்லா இடமும் பேசாது. மீசையை நகர்த்தி நகர்த்திப் பேசும் இடத்தைத் தேட வேண்டும். மேஜை ஆடினால் போயிற்று, மறுபடியும் தேட வேண்டும்!

சென்னையில் 1924-ல் கிருஷ்ணசாமி செட்டி என்பவர் ரேடியோ கிளப் ஆரம்பித்தார். அந்த வருஷம் ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்புத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927-ல் அது நின்றுபோயிற்று. கருவியைச் சென்னை நகரசபை வாங்கி 1930-லிருந்து பாட்டு ஒலிபரப்பியது.

ஏறக்குறைய 1937 வரை போஸ் ஆராய்ச்சி நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். அந்த வருஷம் ஓய்வுக்காகக் கிரிடி என்ற ஊருக்குப் போயிருந்தார். நவம்பர் 23-ந் தேதி அங்கே காலமானார். 79 வயது நிரம்ப ஏழு நாள் பாக்கி.

அடுத்த வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறக்கப்பட்டது. எஃப்.எம். ஒலிபரப்பும் இந்தியாவில் முதல் முதலாகச் சென்னையில்தான் வந்தது, 1977 ஜூலை 23-ந் தேதி.

அபலா அம்மையார் 1951 வரை இருந்தார். பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்.

2012-ல் உலக மின் இஞ்சினீயர்கள் சங்கம் போஸ் பாடம் நடத்திய பிரசிடென்சி கல்லூரியில் அவர் செய்த அலைச் சோதனைகளுக்காக ஒரு நினைவுப் பலகை வைத்தது. அவர் கையாண்ட பழைய கருவிகள் கல்கத்தாவில் அவர் கட்டிய நிலையத்திலேயே பத்திரமாக இருக்கின்றன.